அப்டேட் போட்ட மறுநாள்: கேம்பஸ் கணினிகளில் எது கெட்டால் எங்கே பார்ப்பது

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்பு அப்டேட்களை வெளியிடும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி, நமக்கு இரவு பத்தரை. அங்கே குளிர்கால நேரம் நடந்தால் பதினொன்றரை. அதனால் நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் புதன்கிழமை காலையில்தான் போன் அடிக்க ஆரம்பிக்கும்.

ஒரு பல்கலைக்கழகக் கணினி மையத்தில் பல வருடங்களாக இந்த அழைப்புகளை எடுத்து வருகிறேன். திரும்பத் திரும்ப வருவது ஏழெட்டுக் கோளாறுகள்தான். லேப் அசிஸ்டென்ட்கள், துறை அலுவலகத்தில் இருப்பவர்கள், சொந்த லேப்டாப் வைத்திருக்கும் ஆய்வு மாணவர்கள் ஆகியோர் தாங்களே பார்த்துச் சரிசெய்யக் கூடியது எது, எந்த இடத்தில் கையை எடுத்துவிட்டு எங்களைக் கூப்பிட வேண்டும் என்று இங்கே எழுதியிருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். எந்தக் கோளாறு வந்தாலும் அப்டேட்டையே நிறுத்தி வைப்பது அதற்கு மருந்து இல்லை. 2017 மே 12 அன்று கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14-ஆம் தேதியே வந்திருந்தது. நடுவில் 59 நாட்கள் இருந்தன. அந்த நாட்களில் அதைப் போட்டிருந்த சிஸ்டங்களுக்குள் அந்த ஓட்டை வழியாக அதனால் பரவ முடியவில்லை.

## கை வைக்கும் முன்

திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிழை எண் தெளிவாகத் தெரியும்படி. "ஏதோ எர்ரர் வந்துச்சு சார், மூடிட்டேன்" என்று சொன்னால் எங்களால் எதையும் தொடங்க முடியாது.

அடுத்து, பக்கத்து சிஸ்டத்தைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் கீழே படியுங்கள். லேபில் இருக்கும் நாற்பதிலும் ஒரே நேரத்தில் ஒரே கோளாறு என்றால் காரணம் உங்கள் அறையில் இல்லை. சுவிட்ச், சர்வர், சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் என்று ஏதோ ஒன்று பொதுவாகக் கெட்டிருக்கிறது. அப்போது ஒவ்வொரு சிஸ்டமாக நோண்டாமல் உடனே கூப்பிட்டுவிடுங்கள்.

## "அப்டேட் நடக்கிறது, அணைக்காதீர்கள்" என்ற திரையிலேயே நிற்கிறது

அதிகமாக வருவது இதுதான். முதலில் எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று பாருங்கள். எஸ்எஸ்டி போட்ட சிஸ்டம் என்றால் பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் இரண்டு மணி நேரம்கூட ஆகும், அதில் முக்கால் மணி நேரம் ஒரே சதவீதத்தில் அசையாமல் நிற்பதும் சாதாரணம்.

### டிஸ்க் விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது

கேபினெட்டின் முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு இருக்கும். அது விட்டுவிட்டு மின்னினால் உள்ளே வேலை நடக்கிறது, காத்திருங்கள். பத்தரை மணிக்கு பிராக்டிகல் இருக்கிறது என்று பவர் பட்டனை அழுத்துவதால்தான் நான் பார்த்த பாதிக்கு மேற்பட்ட சிஸ்டங்கள் கெட்டிருக்கின்றன. மாணவர்களை வேறு சிஸ்டத்தில் உட்காரவையுங்கள்.

### ஒரு மணி நேரமாக விளக்கு மின்னவே இல்லை

பென் டிரைவ், வெளி ஹார்டு டிஸ்க், டாங்கிள் எல்லாவற்றையும் பிடுங்குங்கள். பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்து மறுபடி போடுங்கள். பாதியில் நின்ற அப்டேட்டை விண்டோஸ் தானே பின்வாங்கிக்கொள்ளும், அதற்கும் நேரம் எடுக்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

### திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிறது

இரண்டு மூன்று முறை தொடர்ந்து கிளம்ப முடியாமல் போனால் விண்டோஸ் தானாகவே பழுதுபார்க்கும் நீலத் திரைக்குப் போகும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ் என்று போய் கடைசியாக வந்த குவாலிட்டி அப்டேட்டை நீக்குங்கள். ஃபீச்சர் அப்டேட் என்று இன்னொன்று காட்டும், சமீபத்தில் பெரிய பதிப்பு மாற்றம் செய்திருந்தால் ஒழிய அதைத் தொடாதீர்கள். அதே மெனுவில் ரீசெட் என்று ஒன்று இருக்கும், தேர்வுத் தாள்களோ ஆய்வுத் தரவோ உள்ள சிஸ்டத்தில் அதன் பக்கமே போகக் கூடாது.

அதற்குப் பிறகும் கிளம்பவில்லை என்றால், அல்லது டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். சத்தம் வரும் டிஸ்க் சாகப்போகும் டிஸ்க், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்க முடிந்த கோப்புகளில் கொஞ்சம் போய்விடுகிறது. எங்களைக் கூப்பிடுங்கள், தரவு முக்கியம் என்றால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளை முன்கூட்டியே அறிவிக்கிறார்கள். அந்த நாளில் அப்டேட்டைத் தொடங்கவே வேண்டாம். யுபிஎஸ் இருக்கிறதே என்று நம்பாதீர்கள், பேட்டரி போட்டு மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தால் நாற்பது சிஸ்டத்தை அது பத்து நிமிடம்கூடத் தாங்காது.

## இறங்குகிறது, ஆனால் நிறுவ முடியவில்லை என்கிறது

இங்கே பிழை எண்தான் வழிகாட்டி. கடைசி எட்டு எழுத்துகளைப் பாருங்கள்.

### 80070070

சி டிரைவ் நிறைந்துவிட்டது. லேப் சிஸ்டங்களில் காரணம் எப்போதும் ஒன்றுதான், நான்கு வருடத்தில் அந்த சிஸ்டத்தில் லாகின் செய்த எல்லா மாணவர்களின் புரொஃபைலும் அங்கேயே இருக்கும். அவற்றை யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய் நேரடியாக டெலீட் செய்யாதீர்கள். ஃபோல்டர் போய்விடும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் பதிவு மட்டும் மிஞ்சும், அந்த மாணவர் அடுத்த முறை வரும்போது தற்காலிக புரொஃபைல் என்று இன்னொரு தலைவலி கிளம்பும். சிஸ்டம் பிராபர்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தில் யூசர் புரொஃபைல்ஸ் என்று இருக்கிறது, அங்கிருந்து நீக்குங்கள். இருபது ஜிபி காலியாக இருந்தால் நிம்மதி.

### எண் எதுவாக இருந்தாலும் தேதி தப்பாக இருக்கிறது

கீழ் மூலையில் கடிகாரத்தைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் சான்றிதழ்கள் எதையும் சிஸ்டம் நம்பாது, அப்டேட்டும் வராது, பிரவுசரும் இணைப்பு பாதுகாப்பானது இல்லை என்று கத்தும். தேதியைச் சரிசெய்யுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போன மறுநாள் காலை மறுபடி பின்னால் போயிருந்தால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. சில பத்து ரூபாய்க்குக் கடையில் கிடைக்கும், நாணயம் போல இருக்கும், பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு மாற்ற ஐந்து நிமிடம். இந்தப் பேட்டரிக்காக சிஸ்டத்தையே கண்டம் செய்ய எழுதிவைத்த துறைகளைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மாற்றும் முன் ஒரு எச்சரிக்கை. டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்ட சிஸ்டமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதன் பகுதி கீழே வருகிறது.

### 8024402சி அல்லது 80072ஈஈ2

அப்டேட் கொடுக்கும் இடத்தைச் சென்றடைய முடியவில்லை என்று பொருள். நெட்வொர்க் செட்டிங்கில் யாரோ பழைய பிராக்ஸி (இணையத்துக்குப் போகும் வழியில் இருக்கும் இடை சர்வர்) முகவரியை விட்டுவைத்திருப்பார்கள், அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். பிராக்ஸி சரியாக இருந்தும் வராவிட்டால் கேம்பஸுக்குள் நாங்கள் வைத்திருக்கும் அப்டேட் சர்வரில் கோளாறு இருக்கலாம், அது எங்கள் வேலை.

### 80070643

இந்த எண் பல காரணங்களுக்கு வரும். அப்டேட் ஹிஸ்டரியில் கேபி எண், அதாவது அந்த அப்டேட்டின் அடையாள எண், எது என்று பாருங்கள். 2024 ஜனவரியில் வந்த கேபி5034441 என்றால், பழுதுபார்க்கும் பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இடம் இல்லாததால் அது நிற்கிறது. பார்ட்டிஷனைச் சுருக்கி விரித்துத்தான் சரிசெய்ய வேண்டும், ஒரு எண் தப்பினால் டிஸ்க் முழுக்கப் போகும். அதை நீங்கள் செய்யாதீர்கள், கூப்பிடுங்கள். மாதாந்திர அப்டேட்கள் அது இல்லாமலும் தனியாக நிறுவப்படும் என்பதால் அவசரம் இல்லை. டாட்நெட் அல்லது டிஃபெண்டர் என்று போட்டிருந்தால் ரீஸ்டார்ட் செய்து மறுபடி முயன்றாலே பெரும்பாலும் போய்விடுகிறது.

### வேறு எண்கள்

ஒரு முறை ரீஸ்டார்ட். பிறகு செட்டிங்ஸில் உள்ள விண்டோஸ் அப்டேட் டிரபிள்ஷூட்டர். அப்புறம் கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து முதலில் டிஸ்ம் கட்டளையை ரீஸ்டோர்ஹெல்த்தோடு ஓடவிட்டு, அது முடிந்தபின் எஸ்எஃப்சி ஸ்கேன்நவ். இந்த வரிசையை மாற்றாதீர்கள், எஸ்எஃப்சி தனக்கு வேண்டிய நல்ல கோப்புகளை எடுக்கும் இடத்தைத்தான் டிஸ்ம் முதலில் சரிசெய்து கொடுக்கிறது. இரண்டும் தோற்றால் கோப்புகளையும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டே விண்டோஸை மேலே நிறுவும் வழி இருக்கிறது. அதற்கு சரியான பதிப்பின் ஐஎஸ்ஓ என்னும் நிறுவல் கோப்பு வேண்டும், எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். டெலிகிராமில் கிடைப்பதை எடுக்கவே வேண்டாம்.

## நேற்று போட்ட அப்டேட் இன்று காணவில்லை

லேப் சிஸ்டத்தில் மட்டும்தான் இது நடக்கும். மணிக்கணக்கில் அப்டேட் போட்டு, முடிந்தது என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவீர்கள். காலையில் அதே அப்டேட் அதே இடத்தில் காத்துக்கொண்டிருக்கும். டாஸ்க்பாரில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெள்ளைக் கரடி ஐகான் இருக்கிறதா பாருங்கள். அது டீப் ஃப்ரீஸ் என்னும் மென்பொருளின் ஐகான். டீப் ஃப்ரீஸ் உறைந்த நிலையில் இருக்கும்போது ரீஸ்டார்ட் செய்தால் எல்லாமே பழைய நிலைக்குத் திரும்பும், அப்டேட் உட்பட. மாணவர்கள் செய்யும் மாற்றத்தை அழிக்கத்தானே அதைப் போட்டிருக்கிறோம்.

வழி: உருகிய நிலைக்கு மாற்றி ரீஸ்டார்ட், அப்டேட், மறுபடி ரீஸ்டார்ட், "முடிந்தது" என்று வரும்வரை இன்னொரு முறை சரிபார்த்தல், பிறகு உறைய வைத்தல். நடுவில் எந்த மாணவரையும் உட்காரவிடாதீர்கள், அந்த நேரத்தில் பென் டிரைவில் வந்த வைரஸும் சேர்ந்து உறைந்துவிடும். செமஸ்டர் முழுக்க உறைந்தே கிடந்த லேப்தான் கேம்பஸிலேயே பலவீனமான லேப். தினமும் புதிதாகத் தெரிகிறது என்பதால் யாரும் கவலைப்படுவதில்லை, ஆனால் அதில் ஆறு மாத ஓட்டைகள் அப்படியே திறந்திருக்கும். மாதம் ஒருமுறை, அந்த இரண்டாவது செவ்வாய்க்கு அடுத்த சனிக்கிழமை என்று நாள் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடக்கவே நடக்காது.

### கூடவே "டொமைனுடன் நம்பிக்கை உறவு முறிந்தது" என்று லாகின் மறுக்கிறது

இதுவும் அதே காரணம். டொமைனில், அதாவது ஒரே சர்வர் லாகினைச் சரிபார்க்கும் குழுவில், சேர்ந்த ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் சொந்தமாக ஒரு பாஸ்வேர்டு இருக்கிறது, 30 நாளுக்கு ஒருமுறை அது தானாக மாறும். மாறியதை சர்வர் நினைவில் வைத்திருக்கும், உறைந்த சிஸ்டமோ ரீஸ்டார்ட் ஆனதும் பழைய பாஸ்வேர்டுக்குத் திரும்பிவிடும். நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு, முன்பு அந்த சிஸ்டத்தில் நுழைந்த கணக்கில் நுழைய முடிகிறதா பாருங்கள், அவசர வேலைக்கு அது போதும். நிரந்தரமாகச் சரிசெய்ய டொமைன் அட்மின் வேண்டும், கூப்பிடுங்கள்.

## நீலத் திரையில் 48 இலக்கச் சாவி கேட்கிறது

பயந்துபோய் வருவார்கள், குறிப்பாக ஆய்வேடு சமர்ப்பிக்கும் நேரத்தில். இது வைரஸ் இல்லை. பிட்லாக்கர் என்னும் பூட்டு, கணினியில் ஏதோ மாறியிருக்கிறது என்று சந்தேகப்பட்டு உரிமையாளர்தானா என்று கேட்கிறது. "நான் பிட்லாக்கரே போடவில்லை" என்று பலர் சொல்வார்கள், உண்மைதான். புதிய லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு கொடுத்து உள்ளே போனாலே பல நேரங்களில் அது தானாகப் போட்டுக்கொள்கிறது.

முதல் சோதனை: வெளியே செருகியிருக்கும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு ஒருமுறை ரீஸ்டார்ட்.

அடுத்து சாவியைத் தேடுங்கள். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கைத் திறந்து டிவைசஸ் பகுதிக்குப் போனால் ரெகவரி கீ இருக்கும். நீலத் திரையில் ஒரு கீ ஐடி காட்டும், அதன் முதல் எட்டு எழுத்துகளும் கணக்கில் உள்ள ஐடியும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். லேப்டாப்பை முதன்முதலில் எந்தக் கணக்கில் திறந்தீர்கள் என்பதுதான் கேள்வி. அப்பாவின் மெயில், கடைக்காரர் போட்டுக்கொடுத்த மெயில், பல்கலைக்கழக மெயில் என்று மூன்றையும் பாருங்கள். பல்கலைக்கழகம் கொடுத்த லேப்டாப் என்றால் சாவி எங்களிடம் இருக்கும், அடையாள அட்டையோடு வாருங்கள்.

சாவி கிடைக்கவில்லை, ஆனால் சமீபத்தில் மேலே சொன்ன மதர்போர்டு பேட்டரியை மாற்றினீர்கள் அல்லது பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரையில்) எதையோ தொட்டீர்கள் என்றால், கிளம்பும்போது சோதிக்கும் செக்யூர் பூட் வசதியும், சாவியைக் காக்கும் டிபிஎம் என்னும் பாதுகாப்புப் பகுதியும் அணைந்திருக்கலாம். அவற்றை முன்பிருந்த நிலைக்கே கொண்டுவந்தால் சாவி கேட்காமல் திறந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆனால் பயாஸில் டிபிஎம் கிளியர் என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தாதீர்கள், அதற்குப் பிறகு சாவி ஒன்றுதான் வழி.

சாவி எங்குமே இல்லை என்றால் நாங்களும் திறக்க முடியாது, உற்பத்தியாளரும் திறக்க முடியாது, எந்தக் கடையும் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள். ஒரு மாணவியின் மூன்று வருடத் தரவு அப்படிப் போனதை நான் நேரில் பார்த்தேன், அன்றைக்கு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. இதைப் படிக்கும்போது உங்கள் லேப்டாப் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தால் இப்போதே சாவியை எடுத்து ஒரு தாளில் எழுதி வைத்துவிடுங்கள்.

## அப்டேட் வருவதே நின்றுவிட்டது

விண்டோஸ் 10 என்றால் காரணம் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. சிஸ்டம் நன்றாக ஓடும், எந்த எச்சரிக்கையும் பெரிதாகக் கண்ணில் படாது, அதுதான் கஷ்டம்.

செலவில்லாத வழியிலிருந்து பார்ப்போம். விண்டோஸ் 11 போட டிபிஎம் 2.0, செக்யூர் பூட், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் வேண்டும். "உங்கள் கணினி தகுதியற்றது" என்று காட்டினால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். பிராசசர் சரியாக இருந்தும் டிபிஎம் மட்டும் பயாஸில் அணைந்து கிடக்கும், இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை ஆன் செய்தாலே ஒரு லேப் முழுக்கத் தகுதி பெற்றதுண்டு.

பிராசசரே பழையது என்றால் நீட்டிக்கப்பட்ட அப்டேட் திட்டம் இருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு முதல் வருடம் ஒரு கணினிக்கு 1 டாலர், இரண்டாம் வருடம் 2, மூன்றாம் வருடம் 4 என்று விலை வைத்திருக்கிறார்கள். சிஸ்டம் விண்டோஸ் 10-இன் 22எச்2 பதிப்பில் இருக்க வேண்டும். இவ்வளவு குறைந்த தொகைக்கு கொட்டேஷன், ஒப்புதல், கோப்பு என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், எல்லாத் துறைகளுக்கும் சேர்த்து ஒரே கோப்பாக எங்கள் மையம் வழியாக அனுப்பினால் வேலை சுலபம். டைப்பிங்குக்கும் பிரவுசருக்கும் மட்டும் பயன்படும் சிஸ்டம் என்றால் உபுண்டு போடலாம், நம் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போடலாம், இரண்டுமே இலவசம். புதிய சிஸ்டம் வாங்குவது கடைசி வழி.

### ஆய்வுக் கருவியோடு கட்டப்பட்ட பழைய சிஸ்டம்

ஸ்பெக்ட்ரோமீட்டரையோ எக்ஸ்ஆர்டியையோ ஓட்டும் சிஸ்டம் விண்டோஸ் 7-இல் இருக்கும், மென்பொருள் அதற்கு மேல் ஓடாது, கருவியின் விலை பல லட்சம். அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் அதன் நெட் கேபிளை இன்றே பிடுங்குங்கள். தரவை எடுக்க அதற்கென்றே ஒரு பென் டிரைவ் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அப்டேட் ஆன வேறொரு சிஸ்டத்தில் ஸ்கேன் செய்த பிறகே செருகுங்கள். கண்டிப்பாக நெட் வேண்டும் என்றால் கேட்டுவாருங்கள், மற்ற எதையும் தொட முடியாத தனி வலையமைப்பில் போட்டுத் தருகிறோம்.

## வைஃபை சிக்னல் இருக்கிறது, உள்ளே விடவில்லை

பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபையான எடுரோம் பற்றிச் சொல்கிறேன். இந்தியாவில் அதை கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்பான எர்னெட் நடத்துகிறது, அதில் சேர்ந்த எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் நம் கணக்கிலேயே இணையலாம்.

உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால்: பயனர் பெயரை @ குறியோடும் அதற்குப் பின்னால் வரும் பல்கலைக்கழக முகவரியோடும் முழுதாகப் போட்டீர்களா? வெறும் பதிவு எண் போதாது. சமீபத்தில் பாஸ்வேர்டு மாற்றினீர்களா? மாற்றியிருந்தால் போனில் அந்த இணைப்பை மறக்கச் செய்து புதிதாகச் சேருங்கள்.

ஆண்ட்ராய்டில் சான்றிதழும் டொமைன் பெயரும் கேட்கும். முன்பெல்லாம் "சரிபார்க்க வேண்டாம்" என்று போட்டுவிடுவோம், 2020 டிசம்பரிலிருந்து பிக்சல் போன்களில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள், பிறகு மற்ற பல போன்களிலும் மறைந்துவிட்டது. அதில் எனக்கு மகிழ்ச்சி. சரிபார்க்காத போன் அதே பெயரில் எவர் ஒரு ரூட்டரை வைத்தாலும் அதனிடம் உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்க முயலும். கெட்எடுரோம் ஆப்பைப் போட்டு நம் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுங்கள், பட்டியலில் இருந்தால் எல்லாவற்றையும் அதுவே நிரப்பிவிடும்.

விடுதி முழுக்க ஒரே நாளில் வரவில்லை என்றால் எங்கள் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும் அல்லது புதுப்பித்திருப்போம். போனில் எதையும் மாற்றாமல் கூப்பிடுங்கள். வெளியூர் கருத்தரங்குக்குப் போகிறவர்கள் இங்கேயே ஒருமுறை இணைத்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், அங்கே போய் பாஸ்வேர்டு தப்பு என்றால் அந்தக் கல்லூரியால் உதவ முடியாது.

## அலுவலகத்தில் பகிர்ந்த பிரிண்டர் வேலை செய்யவில்லை

ஒரு சிஸ்டத்தில் யுஎஸ்பி-யில் பிரிண்டரை மாட்டி, மற்ற நாலு பேர் அதன் வழியாக அச்சடிப்பது நம் துறை அலுவலகங்களில் வழக்கம். 2021-இல் விண்டோஸின் அச்சு சேவையில் பிரிண்ட்நைட்மேர் என்னும் ஓட்டை வெளிப்பட்ட பிறகு இந்தப் பகிர்வுக்குக் கட்டுப்பாடுகள் கூடிவிட்டன. டிரைவர் போட அட்மின் அனுமதி கேட்கும், சிலருக்கு 11பி என்று முடியும் பிழை வரும்.

பிரிண்டர் மாட்டிய சிஸ்டம் ஆன் செய்திருக்கிறதா, தூங்கிப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு இரண்டு பக்க சிஸ்டங்களிலும் அப்டேட்டை முழுதாகப் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஒன்று புதியது, இன்னொன்று பழையது என்று இருக்கும்போதுதான் பெரும்பாலும் 11பி வருகிறது. ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கச் சொல்லும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். அச்சு வரும், ஆனால் அடைத்த ஓட்டையை நீங்களே திறந்துவிட்டதாக ஆகும், அதுவும் மதிப்பெண் பட்டியல் அச்சாகும் அலுவலகத்தில். பிரிண்டரில் நெட் கேபிள் சொருகும் இடம் இருந்தால் அதை நேரடியாக வலையமைப்பில் போட்டுத் தருகிறோம், பகிர்வே தேவைப்படாது. அடுத்த முறை பிரிண்டர் வாங்கும்போது அந்த வசதி உள்ளதாக வாங்குங்கள்.

## கணக்கு பூட்டிக்கொள்கிறது, அல்லது பாஸ்வேர்டு கேட்டு மெயில் வந்தது

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் கணக்கு பூட்டிக்கொண்டால், திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி பூட்டிக்கொண்டால், வீட்டில் எங்கோ ஒரு பழைய போனோ டேப்லெட்டோ பழைய பாஸ்வேர்டை விடாமல் முயன்றுகொண்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து அதில் உள்ள கணக்கை நீக்குங்கள். போன் மாற்றப்போகிறவர்கள் ஓடிபி ஆப்பைப் புதிய போனுக்கு மாற்றிய பிறகே பழையதை விற்கவோ அழிக்கவோ செய்யுங்கள்.

"உங்கள் மெயில்பெட்டி நிறைந்துவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும்" என்று வரும் மெயில் எங்களுடையது இல்லை. நாங்கள் லிங்க் அனுப்பி பாஸ்வேர்டு கேட்பதே இல்லை. தெரியாமல் போட்டுவிட்டீர்கள் என்றால் வேறொரு சிஸ்டத்திலிருந்து உடனே பாஸ்வேர்டை மாற்றி, எல்லா இடத்திலும் வெளியேறச் செய்து, மெயில் செட்டிங்கில் யாருக்காவது தானாக ஃபார்வர்டு ஆகும்படி விதி போட்டிருக்கிறதா பாருங்கள். பலர் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு இந்த விதியை விட்டுவிடுகிறார்கள், மெயில் போய்க்கொண்டே இருக்கும். பிறகு கட்டாயம் எங்களுக்குச் சொல்லுங்கள். திட்ட மாட்டோம், இதுவரை யாரையும் திட்டியதில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி இத்தகைய சம்பவத்தை நிறுவனம் அறிந்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவிக்க வேண்டும், நீங்கள் இரண்டு நாள் மறைத்தால் அந்த நேரத்தில் பாஸ்வேர்டைத் திருடியவர்கள் உங்கள் பெயரில் இன்னும் நூறு பேருக்கு அனுப்பியிருப்பார்கள். வங்கிப் பணம் போயிருந்தால் எங்களுக்கு முன்னால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

## கோப்புகளின் பெயர் மாறியிருக்கிறது, திறக்க மறுக்கிறது

இதற்கு எளிய சோதனை, அடுத்த சோதனை என்று எதுவும் கிடையாது. நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள், வெளி ஹார்டு டிஸ்க் செருகியிருந்தால் அதையும் பிடுங்குங்கள். சிஸ்டத்தை அணைக்காதீர்கள், ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், சில நேரங்களில் பூட்டைத் திறக்கும் தடயம் நினைவகத்தில்தான் இருக்கும். பணம் கேட்கும் குறிப்பு திரையில் இருந்தால் படம் எடுங்கள். அதே அறையில் உள்ள மற்ற சிஸ்டங்களின் கேபிளையும் பிடுங்கச் சொல்லிவிட்டு, நேரம் எதுவாக இருந்தாலும் கூப்பிடுங்கள்.

நாங்கள் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக எப்போது பேக்கப் எடுத்தீர்கள், அது இப்போது எங்கே இருக்கிறது என்பதுதான். எப்போதும் சிஸ்டத்தோடு செருகியே இருக்கும் ஹார்டு டிஸ்கில் உள்ளது அந்த நேரத்தில் உதவாது, அதுவும் சேர்ந்து பூட்டப்பட்டிருக்கும். எடுத்து முடித்ததும் பிடுங்கி அலமாரியில் வைத்த டிஸ்கிலிருந்துதான் இதுவரை நாங்கள் முழுதாக மீட்டுக் கொடுத்திருக்கிறோம்.